பதில் சொல்ல ஓர் ஆள்

2017 நவம்பரில் கேரளம் முழுவதும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்துகொண்டிருந்தது. மலப்புரம் மாவட்டம் மிகவும் பின்தங்கியிருந்தது. அங்கே ஒரு பள்ளியில் பெற்றோருக்கு விளக்கம் சொல்லப் போயிருந்த மருத்துவர் ஷிம்னா அஸீஸிடம், இந்த ஊசியை நீங்கள் போட்டுக்கொள்வீர்களா என்று கேட்டார்கள். அவர் அங்கேயே, அவர்கள் கண்ணெதிரே போட்டுக்கொண்டார். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அதே மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் நோய் திரும்பி வந்து, தடுப்பூசி போடாத பிள்ளைகளின் உயிரைப் பறித்திருந்தது. ஊசிக்கு எதிரான பேச்சு மட்டும் அடங்கவில்லை.

கேரள மருத்துவர்கள் சிலர் சேர்ந்து நடத்திய ‘இன்ஃபோ கிளினிக்’ என்ற முகநூல் பக்கத்தில் எழுதிவந்தவர்களில் அஸீஸும் ஒருவர். சம்பளம் கிடையாது, பணிநேரம் முடிந்தபின் மலையாளத்தில் எழுதுவார்கள். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தபோதும், அதே ஆண்டு வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைச் சாப்பிடாதீர்கள் என்று ஒருவர் பரப்பிக் கைதானபோதும், பிறகு கொரோனாக் காலத்திலும் இப்படிப்பட்ட குழுக்களின் விளக்கங்கள் வீடுவீடாகப் போயின. இன்று உலகின் பல மொழிகளில் இத்தகைய மருத்துவர்கள் இருக்கிறார்கள். இவர்களுடைய உழைப்பால் பலன் உண்டா? உண்டென்றால் யாருக்கு? அதன் விலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள்? தன்னார்வம் ஒன்றே இதற்குப் போதுமா? கடந்த இருபது ஆண்டு அனுபவமும் ஆய்வுகளும் இவற்றுக்கு ஓரளவு தெளிவான விடை தருகின்றன.

பொய்யின் வகைகள்

எல்லா மருத்துவப் பொய்களும் ஒரே மாதிரியானவை அல்ல. வகை தெரியாமல் மறுக்கப் போனால் மறுப்பு குறிதவறும்.

முதல் வகை, இல்லாத மருந்து. 2020 தொடக்கத்தில் ஈரானில், சாராயம் குடித்தால் கொரோனா அண்டாது என்ற பேச்சை நம்பி மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்த நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 2014-இல் எபோலா பரவியபோது மேற்கு ஆப்பிரிக்காவில் உப்புநீர் குடிக்கச் சொல்லிக் குறுஞ்செய்திகள் சுற்றின. உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

இரண்டாவது, இருக்கும் சிகிச்சையின் மீது அச்சம். 2017 பிப்ரவரியில் இந்தியாவின் தட்டம்மை-ரூபெல்லா முகாம் முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுப் பிள்ளை வரை போட வேண்டிய ஊசி அது. வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவுகளைக் கேட்டுப் பெற்றோர் தயங்கினார்கள். முகாமின் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டிவந்தது. அடுத்த ஆண்டு திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம்பெண் இறந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்தில் நடந்தது இது. மருத்துவமனை கிடைக்காததால் வீட்டில் பிரசவம் பார்த்த காலம் ஒன்று இருந்தது. இங்கே மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது. அதன்மேல் நம்பிக்கைதான் இல்லை.

மூன்றாவது வகை, நோயாளியின் மீது அச்சம். 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் மறித்தது. பிணத்திலிருந்து நோய் பரவும் என்ற அச்சத்தில் ஆம்புலன்ஸ் கல்லெறிக்கு உள்ளானது. கடைசியில் அவருடைய சக மருத்துவர் ஒருவர் தாமே மண்ணை அள்ளிப்போட்டு அடக்கத்தை முடித்தார். அந்தக் கூட்டத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது பணமோ அரசியலோ அல்ல. விவரம் தெரியாத பயம். உரிய நேரத்தில் உரிய தமிழில் ஒருவர் விளக்கியிருந்தால் தணிந்திருக்கக்கூடிய பயம்.

நான்காவது வகை பாதி உண்மை. இதுதான் மறுக்கக் கடினமானது என்பதால் பின்னால் தனியே பார்க்கலாம்.

இந்த நான்குக்கும் அடியில் பல சமயம் ஒரு கடை இருக்கிறது. அச்சத்தை விதைக்கும் காணொளியின் கீழேயே லேகியமோ, மூலிகைப் பொடியோ, பயிற்சி முகாமோ விலைக்கு வைக்கப்பட்டிருக்கும். நீரிழிவு, புற்றுநோய், மலட்டுத்தன்மை முதலிய 54 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் சட்டம். எழுபதாண்டுச் சட்டம் புத்தகத்தில் இருக்க, விளம்பரம் கைப்பேசியில் ஓடுகிறது.

பொய் ஓடும் வேகம்

2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் சொரூஷ் வொசூகி, டெப் ராய், சினான் ஆரல் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளின் தடத்தைப் பின்தொடர்ந்தது. பொய்ச்செய்தி பிறரால் பகிரப்படும் வாய்ப்பு மெய்ச்செய்தியைவிட 70 சதவீதம் கூடுதல். 1,500 பேரை எட்ட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதற்குத் தானியங்கிக் கணக்குகள் காரணமில்லை, மனிதர்களே காரணம் என்பதும் தெரியவந்தது. பொய்யில் புதுமை இருக்கிறது. கேட்பவருக்கு வியப்பும் அருவருப்பும் வருகிறது. உடனே நாலு பேருக்குச் சொல்லத் தோன்றுகிறது.

நம் ஊரில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். இங்கே மருத்துவப் பேச்சு நடக்குமிடம் பொதுவெளி அல்ல, குடும்ப வாட்ஸ்அப் குழு. பெரியப்பா அனுப்பிய ஃபார்வர்டை மருத்துவர் பார்க்கவே முடியாது. வதந்தியை நம்பி நடந்த கும்பல் கொலைகளுக்குப் பிறகு 2018-இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மட்டுமே செய்தியை அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் வரம்பு வைத்தது; 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிவந்த செய்தியை ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றாக்கியது. வேகம் சற்றுக் குறைந்திருக்கும். ஆனாலும் அந்தக் குழுவுக்குள் மறுப்பு போக வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே ஒருவர் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும். அதனால்தான் அனுபவமுள்ள தன்னார்வ மருத்துவர்கள் நீண்ட கட்டுரையோடு நிற்பதில்லை. ஒரு நிமிடக் குரல்பதிவு, ஒரே படத்தில் அடங்கும் நாலு வரி என்று, மருமகளோ கல்லூரி போகும் பேரனோ குழுவில் போடத் தோதாகச் செய்து தருகிறார்கள்.

மறுத்தால் மனம் மாறுமா?

மறுப்பதால் பயனில்லை, மறுக்க மறுக்கப் பொய்யே வலுப்பெறும் என்ற கருத்து சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. பிரண்டன் நைஹன், ஜேசன் ரைஃப்லர் இருவரும் 2010-இல் அரசியல் நம்பிக்கைகளை வைத்துச் செய்த ஆய்வில் அப்படி ஒரு விளைவு தென்பட்டது. 2014-இல் நைஹன் குழு 1,759 அமெரிக்கப் பெற்றோரிடம் தடுப்பூசித் தகவல்களைக் கொடுத்துப் பார்த்தது. ஆட்டிசத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்பதைப் பெற்றோர் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஏற்கெனவே ஊசியை வெறுத்தவர்கள், ஏற்றுக்கொண்ட பிறகும், அடுத்த பிள்ளைக்குப் போடும் எண்ணத்தில் இன்னும் பின்வாங்கினார்கள். தகவல் ஏறியது, மனம் இறங்கவில்லை.

பின்னர் தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் பல்லாயிரம் பேரிடம் சோதித்தபோது அந்த எதிர்விளைவு ஏறத்தாழ எங்குமே தலைகாட்டவில்லை. இன்று ஆய்வாளர்களிடையே ஓரளவு இணக்கமான முடிவு இதுதான்: திருத்தம் பொதுவாகப் பலிக்கிறது, சிறிய அளவில் பலிக்கிறது, நாள்பட மங்குகிறது. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யாருக்குச் சொல்கிறோம் என்பதுதான் இதில் முக்கியம். லெட்டிசியா போடே, எமிலி வ்ராகா இருவரும் ஜிகா வைரஸ் குறித்த பொய்களை வைத்து நடத்திய ஆய்வுகள், பொய் சொன்னவரை விட்டுவிட்டு அந்த உரையாடலை ஓரமாக நின்று படிப்பவரைக் கவனித்தன. சண்டையில் கலந்துகொள்ளாத அந்தப் பார்வையாளரின் தவறான எண்ணம் குறைந்தது. எர்ஃபுர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் ஷ்மிட், கோர்னெலியா பெட்ஷ் 2019-இல் ஆறு சோதனைகள் வழியே காட்டியதும் இதையொட்டியதே: தடுப்பூசி மறுப்பாளருக்குப் பதில் சொல்லாமல் விடுவதே மிக மோசமான விளைவைத் தந்தது. உண்மையைச் சொல்லி மறுத்தாலும் சரி, எதிராளி கையாளும் தந்திரத்தை அம்பலப்படுத்தி மறுத்தாலும் சரி, சேதம் குறைந்தது.

ஆக, பொய் பரப்பும் ஹீலரை வாதத்தில் வெல்வது மருத்துவரின் வேலை அன்று. இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல் குழம்பி நிற்கும் தாய்தான் அவருடைய வாசகர். பதிவின் தொனி, நீளம், சொல் எல்லாம் அவரை நினைத்தே அமைய வேண்டும். கேலி செய்து எழுதும் பதிவுக்கு விருப்பக்குறிகள் குவியும். நேற்றுவரை அந்த ஹீலர் சொன்ன கஷாயத்தைக் குடித்துக்கொண்டிருந்த தாய் அதில் தன்னைத்தான் கேலி செய்வதாக எடுத்துக்கொள்வார்.

மருத்துவரே நேரடியாகப் பேசினால் என்ன ஆகும் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2020-இல் அமெரிக்காவில் நன்றிகூறும் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் மருத்துவர்களும் செவிலியர்களும், ஊருக்குப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்ட சிறு காணொளிகளை முகநூலில் கோடிக்கும் மேற்பட்டோருக்குக் காட்டினார்கள். அவை அதிகமாகக் காட்டப்பட்ட பகுதிகளில் மக்களின் பயணம் சிறிதளவு குறைந்தது. பண்டிகைக்குப் பின் தொற்று சுமார் 3.5 சதவீதம் குறைந்தது. ‘நேச்சர் மெடிசின்’ 2021-இல் இதை வெளியிட்டது. அதே 2020-இல் மேற்கு வங்கத்தில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி பேசிய இரண்டரை நிமிடக் காணொளி இரண்டரைக் கோடிப் பேரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வழியே அனுப்பப்பட்டது. நோய் அறிகுறிகளைச் சுகாதாரப் பணியாளரிடம் போய்ச் சொல்வது அதனால் இரு மடங்கானது. செய்தி கிடைக்காத அக்கம்பக்கத்தாரிடமும் மாற்றம் தெரிந்தது. பானர்ஜி மருத்துவர் அல்லர். ஆனால் வங்கத்தார் அறிந்த முகம், அவர்கள் மொழியில் பேசும் குரல்.

பொய் வருமுன்பே தடுத்துவைக்கும் முறையும் உண்டு. 1960-களில் வில்லியம் மெக்குவையர் முன்வைத்த கருத்தை எடுத்துக்கொண்டு, கேம்பிரிட்ஜின் சாண்டர் வான் டெர் லிண்டன், யோன் ரூசன்பேக் ஆகியோர் மக்களுக்கு வதந்தியின் தந்திரங்களை முன்கூட்டியே காட்டிப் பழக்குகிறார்கள். உணர்ச்சியைக் கிளறும் மொழி, இதுவா அதுவா என்று மிரட்டும் பொய்யான இருமுனை முதலியவற்றைக் குறுங்காணொளிகளாக யூடியூப்பில் காட்டினார்கள். 2022-இல் வெளியான முடிவின்படி அந்தத் தந்திரங்களை அடையாளம் காணும் திறன் ஏறத்தாழ 5 சதவீதம் கூடியது. சிறிய எண்தான், ஆனால் கோடிக்கணக்கானோர் பார்க்கும் இடத்தில் அது பெரிய கூட்டம்.

பாதி உண்மையின் பிடி

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லவே பொதுவில் வந்து போட்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி காலமானார். இரண்டு செய்திகளும் உண்மை. இடையில் ‘அதனால்’ என்ற ஒரு சொல்லை மட்டும் வதந்தி சேர்த்துக்கொண்டது. இதய ரத்தக்குழாய் அடைப்பு ஒரே நாளில் உண்டாவதில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். பின்னர் மத்திய அரசின் பக்கவிளைவு ஆய்வுக் குழுவும் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றது. அதற்குள் முகாம்களில் கூட்டம் குறைந்துவிட்டிருந்தது.

இந்த இடத்தில் பலன் தந்தது எண்ணிக்கையை விளக்கிய மருத்துவர்களின் எழுத்து. நாட்டில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் மாரடைப்பால் இறக்கிறார்கள். நாள்தோறும் லட்சக்கணக்கானோருக்கு ஊசி போடும்போது, முந்தின நாள் ஊசி போட்டவர் சிலரும் அந்த இறப்புகளில் இருந்தே தீர்வார்கள். ஊசி போட்டவர்களிடையே இறப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இது படித்தவருக்கும் சட்டெனப் பிடிபடாத கணக்கு. பொறுமையாகச் சொன்னால் பாமரருக்கும் விளங்கும்.

ஆனால் எல்லா அச்சமும் இப்படிக் கரைவதில்லை. ஆஸ்ட்ராஜெனிகா தடுப்பூசி, அதாவது இங்கே கோவிஷீல்டு, மிக அரிதாக ரத்த உறைவை உண்டாக்கும் என்பதை 2021 ஏப்ரலிலேயே ஐரோப்பிய மருந்து முகமை உறுதிசெய்தது. அப்போது பக்கவிளைவே கிடையாது என்று ஒரே போடாகப் போட்டவர்கள் 2024-இல் மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் நீதிமன்ற வழக்கில் நிறுவனம் இதை ஒப்புக்கொண்ட செய்தி வந்ததும் இந்தியாவெங்கும் கலக்கம். அப்போது நம்பிக்கையோடு பேச முடிந்தவர்கள் முன்பே முழு உண்மையைச் சொல்லிவைத்தவர்கள் மட்டுமே: ஆபத்து உண்டு, மிக அரிது, ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது, ஆகவே மூன்று ஆண்டுக்குப் பின் பயப்பட வேண்டியதில்லை.

நிறுவனங்களும் தவறுகின்றன. 2020 மார்ச் 28 அன்று கொரோனா காற்றில் பரவாது என்பதை உண்மைத் தகவல் என்ற முத்திரையோடு உலக சுகாதார நிறுவனம் ட்விட்டரில் வெளியிட்டது. பின்னர் அந்த நிலையிலிருந்து இறங்கிவர நேர்ந்தது. பொய்யை மறுப்பவர் அன்றைய அதிகாரபூர்வ வாக்கியத்தைக் காப்பதை வேலையாகக் கொண்டால், வாக்கியம் மாறும்போது அவரும் சேர்ந்து விழுவார். இன்றைக்குத் தெரிந்தது இவ்வளவு, இன்னும் தெரியாதது இது என்று பிரித்துச் சொல்பவர் விழுவதில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியின் கதையில் இரு பக்கமும் தெரியும். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வடோதரா மாவட்டங்களில் பாத் என்ற அமைப்பு சிறுமியருக்கு அதைச் செலுத்தும் திட்டத்தை நடத்தியது. ஏழு சிறுமியர் இறந்த செய்தி வந்ததும் 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணமென்று நிறுவப்படவில்லை. ஆனால் பெற்றோர் இடவேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்கள் இட்டிருந்தார்கள் என்பது உண்மை. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. இன்றைக்கு ஒரு மருத்துவர் அந்த ஊசிக்கு ஆதரவாக எழுதும்போது யாரேனும் கம்மத்தைக் கிளப்பினால், வதந்தி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நேர்மையாகாது.

ஜப்பானில் அதே தடுப்பூசிக்கு வேறொரு கதி. பக்கவிளைவுச் செய்திகள் தொலைக்காட்சியை நிறைத்ததும் 2013 ஜூனில் அரசு தன் பரிந்துரையை நிறுத்திக்கொண்டது. சுமார் 70 சதவீதமாக இருந்த தடுப்பூசி விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. 2013 முதல் 2019 வரையிலான இந்தச் சரிவால் 5,000-க்கு மேற்பட்ட பெண்கள் பிற்காலத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறக்கக்கூடும் என்று 2020-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டு மகப்பேறு மருத்துவர்களும் குழந்தை மருத்துவர்களும் கூடி ‘மின்பாபி’ என்ற தன்னார்வக் குழுவைத் தொடங்கி, எளிய ஜப்பானிய மொழியில் விளக்கத் தொடங்கினார்கள். 2022 ஏப்ரலில் அரசின் பரிந்துரை திரும்ப வந்தது. அரசு வாய்மூடியிருந்த நாட்களில் பொறுப்பைத் தூக்கியவர்களில் இவர்களும் உண்டு.

அறிவா, நம்பிக்கையா?

2003-இல் வட நைஜீரியாவின் கானோ மாநிலம் போலியோ சொட்டுமருந்தைப் புறக்கணித்தது. மலட்டுத்தன்மை வரும் என்பது வதந்தி. ஆனால் 1996-இல் அதே கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைசர் நிறுவனம் குழந்தைகளிடம் ஒரு மருந்தைச் சோதித்த கசப்பு அந்த ஊர் நினைவில் இருந்தது. இந்தோனேசியா என்ற முஸ்லிம் நாட்டிலிருந்து மருந்தை வரவழைத்து, மதத் தலைவர்களை ஏற்கச் செய்த பிறகே 2004-இல் புறக்கணிப்பு நின்றது. உத்தரப் பிரதேசத்திலும் இதே மலட்டுத்தன்மை வதந்தி ஓடியது. அங்கே யூனிசெஃப் உதவியோடு உள்ளூர்ப் பெண்கள் வீடுவீடாகப் போனார்கள். இமாம்கள் பள்ளிவாசலில் அறிவித்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் கண்டறியப்பட்டதே இயற்கையான வைரஸால் இந்தியாவில் வந்த கடைசிப் போலியோ.

இந்த இரண்டு இடங்களிலும் மனத்தை மாற்றியது புதிய தகவல் அல்ல, தெரிந்த மனிதர். தன்னார்வ மருத்துவரின் பலமும் இங்கேதான். அவர் பெயரோடு, முகத்தோடு, ஊரோடு வருகிறார். அரசு அறிக்கைக்கு இவை இல்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு நரம்பும் இருக்கிறது. டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீரை அரசே வழங்குகிறது. 2017 அக்டோபரில், முறையான ஆராய்ச்சி முடியும்வரை அதை வினியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தம் இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டபோது எழுந்த கொந்தளிப்பில் மருத்துவத்தைவிட மானம் அதிகம் பேசப்பட்டது. சித்த மருத்துவம் இங்கே வெறும் மருத்துவமுறை அன்று, மொழியின் சொத்து. ஒரு குறிப்பிட்ட கூற்றுக்குச் சான்று கேட்பவரைத் தமிழனின் அறிவையே பழிப்பவராகக் காட்டிவிடுவது எளிது. இதை உணர்ந்த மருத்துவர்கள் சித்த மருத்துவத்தை நோக்கி விரல் நீட்டுவதில்லை. இந்தக் காய்ச்சலில், இந்த ரத்தத்தட்டு எண்ணிக்கையில், குடிநீரை மட்டும் நம்பி வீட்டில் இருந்தால் எந்த நாளில் ஆபத்து என்று சொல்கிறார்கள். குடிப்பவர் குடிக்கட்டும், வயிற்றுவலியும் விடாத வாந்தியும் வந்தால் மருத்துவமனைக்கு வரட்டும்.

தமிழில் மருத்துவம் எழுதுவதற்கு நெடிய மரபும் இருக்கிறது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். நம் காலத்தில் கு. கணேசன் போன்ற மருத்துவர்கள் பத்திரிகைகளில் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். இன்றைய சமூக ஊடக மருத்துவர்கள் அந்த வரிசையில் வருபவர்கள்தாம். கேள்வி மட்டும் இப்போது உடனுக்குடன் வருகிறது.

விலை

இந்த வேலைக்குக் கொடுக்கும் விலை மூன்று வகை: நேரம், வழக்கு, வசை.

பிரிட்டிஷ் இதய மருத்துவர் பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் தாமே பங்கேற்ற ஒரு சாதனச் சோதனையின் தரவைப் பற்றி 2007-இல் அமெரிக்க மாநாடு ஒன்றில் கேள்வி எழுப்பினார். அந்த அமெரிக்க நிறுவனம் அவர்மீது லண்டனில் அவதூறு வழக்குப் போட்டது. 2011-இல் நிறுவனம் திவாலானபோதுதான் வழக்கு முடிந்தது. அவரும், முதுகெலும்பு வைத்தியர் சங்கத்தின் வழக்கை எதிர்கொண்ட அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங்கும் பட்ட பாடு, இங்கிலாந்தின் அவதூறுச் சட்டத்தை 2013-இல் திருத்தவைத்தது. ஜப்பானில் கருப்பைவாய்த் தடுப்பூசிக்கு ஆதரவாக எழுதியதற்காக 2017-இல் ஜான் மேடாக்ஸ் பரிசு பெற்ற மருத்துவர் ரிகோ முரனாகா, எதிர்த்தரப்புப் பேராசிரியர் ஒருவர் தொடுத்த அவதூறு வழக்கில் 2019-இல் தோற்றார். இந்தியாவில் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஆபி ஃபிலிப்ஸின் எக்ஸ் கணக்கை, ஹிமாலயா நிறுவனத்தின் வழக்கில் 2023 செப்டம்பரில் பெங்களூரு நீதிமன்றம் முடக்க உத்தரவிட்டது. வழக்குக்கு உரிய பதிவுகளை மறைத்துவைக்கும் நிபந்தனையோடு அடுத்த மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைத் திருப்பித் தந்தது. நிறுவனத்துக்கு வழக்கு ஒரு செலவுக் கணக்கு. தனி மருத்துவருக்கு அது ஆண்டுக்கணக்கில் தொலைந்த தூக்கம்.

வசையும் சாதாரணமன்று. கொரோனா பற்றி ஊடகங்களில் பேசிய 321 அறிவியலாளர்களிடம் 2021-இல் ‘நேச்சர்’ கேட்டபோது, 15 சதவீதத்தினர் கொலை மிரட்டல் வந்ததாகவும் 22 சதவீதத்தினர் உடல் அல்லது பாலியல் வன்முறை மிரட்டல் வந்ததாகவும் சொன்னார்கள். ஆஸ்திரிய மருத்துவர் லிசா-மரியா கெல்லர்மாயர் மாதக்கணக்கில் மிரட்டல்களுக்கு ஆளாகி, பாதுகாப்புக்குத் தம் பணத்தையே செலவழித்து, கிளினிக்கை மூடி, 2022 ஜூலையில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

சொந்த வீட்டில் குப்பை

மருத்துவர்கள் பேச வரும்போது எதிர்த்தரப்பு கேட்கும் கேள்வி நியாயமானது: உங்களில் யாரும் பொய் சொல்லவில்லையா? தட்டம்மை ஊசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு ஒரு மருத்துவர். 1998-இல் அதை வெளியிட்டது ‘லான்செட்’. செய்தியாளர் பிரையன் டீர் தோண்டியெடுத்த பிறகு, 2010-இல்தான் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு அவர் பெயரும் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஐவர்மெக்டின் கொரோனாவுக்கு அற்புத மருந்து என்ற எகிப்திய ஆய்வு 2021 ஜூலையில் விலக்கிக்கொள்ளப்பட்டதற்குக் காரணம், அதில் எழுத்துத் திருட்டும் தரவுக் கோளாறும் இருப்பதைக் கண்டுபிடித்த லண்டன் மருத்துவ மாணவர் ஜாக் லாரன்ஸ். அவருக்குத் துணைநின்றவர்களும் சொந்த நேரத்தில் உழைத்தவர்களே. வெளியே இருக்கும் பொய்யை மறுப்பதோடு துறைக்குள் இருக்கும் பொய்யைத் தேடுவதும் தன்னார்வத்தின் பங்கு என்பதற்கு இது சான்று.

பதஞ்சலி விளம்பரங்களை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் 2022-இல் உச்ச நீதிமன்றம் போனது. 2024-இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அதே விசாரணையில் நீதிமன்றம் சங்கத்தையும் திரும்பிப் பார்த்து, விலையுயர்ந்த, தேவையற்ற மருந்துகளை எழுதும் மருத்துவர்களைப் பற்றி என்ன செய்தீர்கள் என்று கேட்டது. அந்தக் கேள்வி இன்னும் நிற்கிறது. புரோட்டீன் மாவுக்கும் சோதனைக்கூடப் பேக்கேஜுக்கும் விளம்பரம் செய்தபடியே பொய்யை மறுக்கும் மருத்துவரை மக்கள் எளிதில் கண்டுகொள்கிறார்கள்.

விதிகளும் தெளிவாக இல்லை. சமூக ஊடக நடத்தையையும் உள்ளடக்கிய புதிய விதிகளை 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் வெளியிட்ட தேசிய மருத்துவ ஆணையம், அதே மாதம் அவற்றை நிறுத்திவைத்தது. கலிபோர்னியா கொரோனா பற்றிப் பொய் சொல்லும் மருத்துவரைத் தண்டிக்க 2022-இல் சட்டம் போட்டு, நீதிமன்றத் தடையைச் சந்தித்து, மறு ஆண்டே அதை நீக்கியது. எது பொய் என்பதை அரசு முடிவு செய்வது அவ்வளவு சிக்கலானது. சட்டத்துக்குக் காத்திராமல் நல்ல தன்னார்வலர்கள் தாமே சில எல்லைகளை வைத்துக்கொள்கிறார்கள். தம் துறைக்கு வெளியே பேசுவதில்லை. தனி ஆளுக்கு நோய் கண்டறிந்து பதிவின் கீழே மருந்து எழுதுவதில்லை. நோயாளியின் கதையை அடையாளத்தோடு சொல்வதில்லை. எந்தப் பொருளையும் விற்பதில்லை.

இரண்டு நிமிடம்

2017-இல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ இதழில் 67 நாடுகளின் மருத்துவ ஆலோசனை நேரத்தை ஒப்பிட்ட ஆய்வு வந்தது. சுவீடனில் நோயாளி சராசரியாக 22 நிமிடத்துக்கு மேல் மருத்துவரோடு இருக்கிறார். வங்கதேசத்தில் 48 வினாடி. இந்தியாவில் ஆரம்பச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் நோயைச் சொல்லி, சீட்டை வாங்கி, எழுந்துவிட வேண்டும். இந்த ஊசி எதற்கு, இந்த மாத்திரையை விட்டால் என்ன, பக்கத்து வீட்டுக்காரி சொன்னது உண்மையா என்றெல்லாம் கேட்க அதில் இடமில்லை. கேட்காத கேள்வி வீட்டுக்குப் போகிறது. வீட்டில் ஒரு காணொளி ஒரு மணி நேரம் பொறுமையாக, அன்பாக, அழகான தமிழில் பதில் சொல்கிறது. அது தவறான பதில். ஆனால் கிடைத்தது அது ஒன்றுதான்.

மேலே கண்ட சான்றுகள் எல்லாம் இங்கே வந்துதான் சேர்கின்றன. தன்னார்வ மருத்துவரின் எழுத்து பலிக்கும் இடங்களில் எல்லாம் அவர் செய்தது ஒன்றே: மருத்துவமனை கொடுக்காத நேரத்தைக் கொடுத்தார். மக்களின் அறியாமை என்று நாம் பெயரிடுவதில் பெரும்பகுதி, கேட்க ஆளில்லாத நிலை. ஆகவே நோய் சமூக ஊடகத்தில் தொடங்கவில்லை. புறநோயாளிப் பிரிவின் வரிசையில் தொடங்குகிறது. அங்கே இருக்கும் குறையை ராத்திரியில் தூக்கம் கெட்டு எழுதும் சில நூறு பேரால் என்றைக்கும் நிரப்ப முடியாது. அவர்களைப் பாராட்டிக்கொண்டே இந்தச் சுமையை அவர்கள் தலையில் விட்டுவிடுவது வசதியான ஏமாற்று.

செய்யக்கூடியவை எட்டாதவை அல்ல. மருத்துவக் கல்லூரியில் நோயாளியின் சந்தேகத்துக்குத் தாய்மொழியில் பதில் சொல்லும் பயிற்சியைத் தேர்வுக்குரிய பாடமாக்கலாம். தடுப்பூசி முகாம் அறிவிக்கும்போதே, வரப்போகும் வதந்திகளை முன்கூட்டிச் சொல்லும் குரல்பதிவுகளைக் கிராமச் செவிலியர் கையில் கொடுக்கலாம். நல்லெண்ணத்தில் சான்றோடு எழுதும் மருத்துவர்மீது நிறுவனம் வழக்குப் போட்டால், மருத்துவச் சங்கம் வழக்கறிஞரை அமர்த்தலாம். மாவட்டத்துக்கு ஒரு மருத்துவருக்கு வாரத்தில் ஒருநாள் ஓ.பி.யிலிருந்து விடுவிப்பு தந்து, மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதையே அன்றைய பணியாக வைக்கலாம். வதந்தி விற்பவர் எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார், காரணம் அது அவருக்குத் தொழில். மருத்துவரும் அந்தத் தூரத்தில் இருக்க வேண்டுமென்றால், அவருடைய அந்த நேரம் யாருடைய சம்பளப் பட்டியலிலாவது ஏற வேண்டும்.